‘ஃபார்மேட் பண்ணிடலாம் சார்!’

மே மாத விடுமுறை முடிந்து பேரப்பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். வீடு அமைதியாகிவிட்டது. காலை நடையில் பழைய சிநேகிதர்கள் கூடினால் ஒரே புலம்பல்தான். “பேரன் வந்தான், ஏதோ கேம் டவுன்லோடு பண்ணினான், கம்ப்யூட்டர் படுத்துடுச்சு.” ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர், “என் வீட்டிலும் அதே கதைதான்” என்கிறார். எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் முடிவு ஒன்றே: விளையாட்டுதான் இயந்திரத்தைக் கெடுத்தது.

இரண்டு மாதத்துக்கு முன்பு வரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன். ஏன் என்பதை எழுதத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணினி சமாசாரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்துநாலு வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்தில் புத்தகமும் அட்டவணையும் புரட்டியவனுக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

என் பேரனுக்குப் பதினைந்து வயது. என் மேசைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை இறக்க வேண்டும் என்றான். நூறு ஜிபிக்கு மேல் என்றதும் எனக்குத் தலை சுற்றியது. எங்கள் காலத்து ஃப்ளாப்பி ஒன்றில் 1.44 எம்பிதான் கொள்ளும். நூறு ஜிபியை அதில் அடைக்க வேண்டுமானால் ஏறக்குறைய எழுபதாயிரம் ஃப்ளாப்பி வேண்டும். கணினிக்குள் அவ்வளவு இடம் இல்லை. “தாத்தா, உங்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல பாதிக்கு மேல காலியா இருக்கே, அதுல போட்டுக்கவா?” என்று கேட்டான். சரி என்றேன்.

இரவெல்லாம் இறங்கியது. காலையில் பார்த்தால் எழுபது சதவீதத்தில் நின்றுபோய், டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று செய்தி காட்டியது. “தாத்தா, ஏதோ சரியில்லை, நிறுத்திடலாமா?” என்றான். நான்தான், “ராத்திரி முழுக்க கரண்ட் செலவு பண்ணியாச்சு, இன்னொரு தடவை போட்டுப் பாரு” என்றேன். போட்டான். மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவையும் போடச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கில் இருந்த சில கோப்புறைகளே திறக்கவில்லை. ‘சிதைந்துள்ளது, படிக்க முடியவில்லை’ என்று வந்தது.

எனக்கு வந்ததே கோபம். “உன் விளையாட்டால பத்து வருஷத்துச் சாமானைக் கெடுத்துட்டியேடா!” என்று கத்திவிட்டேன். பையன் பதில் பேசவில்லை. சாப்பிடவும் வரவில்லை.

மறுநாள் டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துப் போனோம். கடைத் தம்பி அதைச் செருகி, அரை நிமிஷம் பார்த்தார். “ஃபைல் சிஸ்டம் எரர் சார். ஃபார்மேட் பண்ணிடலாம். அரை மணி நேரம். முந்நூறு ரூபாய்.” நல்ல பையன்தான், ஏமாற்றும் எண்ணம் இல்லை. அவர் பார்வையில் டிஸ்க் மறுபடி வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். எரிச்சலில் நானும் “செஞ்சிடுப்பா” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

முதல் நாளிலிருந்து பேசாமல் இருந்த பேரன் அப்போதுதான் பேசினான். “தாத்தா, அதுலதான் பாட்டி வாய்ஸ் இருக்கு.”

என் மனைவி காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவள் இருந்தபோது, வெளியூரில் இருக்கும் மகளுக்காகச் சமையல் குறிப்புகளைச் செல்பேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். மாவடு எப்படிப் போடுவது, வத்தக்குழம்புக்கு எப்போது புளி விடுவது, ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு என்று மொத்தம் பதினாலு பதிவுகள். நடுவில் என்னைத் திட்டுவதும், குக்கர் விசில் அடிப்பதும், காய்கறி வண்டிக்காரரைக் கூப்பிடுவதும் எல்லாம் அதில் உண்டு. செல்பேசி மாற்றியபோது அவற்றை இந்த டிஸ்க்கில்தான் போட்டுவைத்தேன். வேறெங்கும் பிரதி எடுக்கவில்லை. மகளுடைய பழைய செல்பேசியும் எப்போதோ போய்விட்டது. அது எனக்கு நினைவுக்கு வராமல், நான் திட்டித் தீர்த்த பிள்ளைக்கு நினைவுக்கு வந்தது.

டிஸ்க்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இனி கொஞ்சம் பாடம். ஃபைல் சிஸ்டம் என்றால் என்ன? பத்திரப் பதிவு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரங்களெல்லாம் 1 புத்தகத்தில், தொகுதி தொகுதியாக இருக்கும். ஆனால் உங்கள் மனையின் பத்திரம் எந்தத் தொகுதியில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அட்டவணைகள் வேண்டும். பெயரை வைத்துத் தேட ஒன்று, சொத்தை வைத்துத் தேட ஒன்று. வில்லங்கம் போடும்போது நாங்கள் முதலில் புரட்டுவது அட்டவணையைத்தான். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். உங்கள் படங்களும் பாட்டுகளும் தொகுதிகள். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த இடம் காலி என்பதெல்லாம் எழுதிய அட்டவணைதான் ஃபைல் சிஸ்டம்.

அட்டவணையில் ஒரு பக்கம் கிழிந்துபோனால் பத்திரம் அழிந்துவிட்டதாகுமா? ஆகாது. தொகுதி அலமாரியில் இருக்கும். தேடி எடுக்கத்தான் சிரமம். ஆனால் ஃபார்மேட் என்பது பழைய அட்டவணையையே தூக்கிப் போட்டுவிட்டு, ‘எல்லா அலமாரியும் காலி’ என்று புது அட்டவணை எழுதுவது. அதற்குப் பிறகு வருகிற புதுப் பத்திரங்கள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும். எங்கள் அலுவலகத்தில் யாராவது இந்த யோசனையைச் சொல்லியிருந்தால் மாவட்டப் பதிவாளர் வரை போயிருக்கும்!

என் டிஸ்க்கின் அட்டவணை ஏன் கிழிந்தது? பேரன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். என் மகன் வெளிநாட்டில் மேக் கணினி வைத்திருக்கிறான். இரண்டு வகைக் கணினியிலும் படிக்கவும் எழுதவும் முடியட்டும் என்று டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அமைத்துக் கொடுத்திருந்தான். அது தப்பில்லை. ஆனால் விண்டோஸின் சொந்த முறையான என்டிஎஃப்எஸ்-ஸுக்கு இருக்கும் ஒரு பாதுகாப்பு இதற்கு இல்லை. பழைய மளிகைக் கடைகளில் முதலில் சிட்டையில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா? நடுவில் விளக்கு அணைந்தாலும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்யலாம். என்டிஎஃப்எஸ் தன் அட்டவணை மாற்றங்களுக்கு அப்படி ஒரு சிட்டை வைத்திருக்கிறது. எக்ஸ்ஃபேட்டில் சிட்டை கிடையாது, நேரே பேரேடுதான். எழுதும்போது பாதியில் நின்றால் கணக்கு பாதியிலேயே நிற்கும்.

அதைப் பாதியில் நிறுத்தியது யார்? சாட்சாத் நான்தான். வேலை முடிந்ததும் ‘பாதுகாப்பாக அகற்று’ என்பதை ஒரு நாளாவது அழுத்தியிருக்கிறேனா என்றால் இல்லை. வயரைப் பிடித்து இழுப்பதுதான் வழக்கம். 2018-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் வெளி டிஸ்க்குகளைச் சட்டென்று எடுக்கத் தோதாக அமைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. என்றாலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் அதுவும் காப்பாற்றாது. போதாக்குறைக்கு யுபிஎஸ் பேட்டரி செத்து இரண்டு வருஷம். கரண்ட் போனால் கணினியோடு டிஸ்க்கும் அணையும். டிஸ்க்கில் செருகும் வயரின் முனையும் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்தும் ‘ஓடுகிறவரை ஓடட்டும்’ என்று விட்டிருந்தேன்.

பின் ஏன் விளையாட்டு இறக்கும்போது மட்டும் தெரிந்தது? நானோ தினம் நாலு பக்கம் தட்டச்சு செய்கிறவன். டிஸ்க்கின் ஒரு மூலையோடு என் வேலை முடிந்துவிடும். நூறு ஜிபி விளையாட்டு அப்படியில்லை. டிஸ்க்கின் இண்டு இடுக்கெல்லாம் போய் எழுதப் பார்க்கும். தளர்ந்த வயரோ, தப்பான அட்டவணையோ, கெட்டுப்போன இடமோ இருந்தால் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். சுவரில் ஈரம் முன்பே ஏறியிருக்கும். ஆணி அடித்தவன் கையில்தான் காரை பெயர்ந்து வரும். அதற்காக ஆணி அடித்தவனைத் திட்டுவதா?

அதைவிட என்னைச் சுட்ட விஷயம் ஒன்று உண்டு. அட்டவணை தப்பாக இருக்கும்போது, நிரம்பிய இடத்தைக் காலி என்று காட்டக்கூடும். அப்போது புதிதாக எழுதப்படுவது பழையதன் மேலேயே போய் உட்காரும். ஆகவே பிழை வந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், எழுதுவதை நிறுத்துவது. பிள்ளை நிறுத்தலாமா என்றுதான் கேட்டான். இரண்டு தடவை மறுபடி போடச் சொன்னது நான்.

அப்புறம் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசைதான் முக்கியம்.

முதலில் புது டிஸ்க் ஒன்று வாங்கினோம். நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. பழைய டிஸ்க்கில் படிக்க முடிந்ததையெல்லாம் அதில் பிரதி எடுத்தோம். திரும்பக் கிடைக்காதவை முதலில், மற்றவை பிறகு. படங்கள், ஆவணங்கள், நான் எழுதி வைத்திருக்கும் பழைய பதிவுகள் அனேகமாக எல்லாம் வந்துவிட்டன. அவள் குரல் இருந்த கோப்புறை மட்டும் திறக்கவில்லை.

இரண்டாவது, வயரை மாற்றி, கணினியின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளையில் செருகிப் பார்த்தோம். பல சமயம் நோய் இதோடு தீர்ந்துவிடுமாம்.

மூன்றாவது, டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தோம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே வைத்திருக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைப் படித்து, நலமா, எச்சரிக்கையா, மோசமா என்று நிறத்தோடு காட்டும். என்னுடையது நலம் என்றது. இங்கே ‘எச்சரிக்கை’ என்று வந்தாலோ, டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டும் சத்தம் கேட்டாலோ, அதற்கு மேல் நாமாகக் கை வைக்கக் கூடாது. முடிந்ததைப் பிரதி எடுத்துக்கொண்டு, தரவு மீட்பு தெரிந்தவர்களிடம் போக வேண்டும். சாகக் கிடக்கும் டிஸ்க்கைப் பழுது பார்க்கிறேன் என்று ஓட ஓட விரட்டினால் மிச்சமும் போய்விடும்.

நாலாவதுதான் பழுது பார்ப்பது. விண்டோஸில் செக்டிஸ்க் என்ற கட்டளை வெகு காலமாக இருக்கிறது. வெறுமனே கொடுத்தால் குற்றங்குறைகளைப் படித்துச் சொல்லும், எதையும் மாற்றாது. கூடவே சாய்கோடும் எஃப் எழுத்தும் சேர்த்தால் அட்டவணையைத் திருத்தும். எஃப்-க்குப் பதில் ஆர் எழுத்துப் போட்டால், டிஸ்க்கின் ஒவ்வோர் இடத்தையும் படித்துப் பார்த்துக் கெட்ட இடங்களை ஒதுக்கும். பெரிய டிஸ்க்கானால் பல மணி நேரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது. இந்தக் கட்டளைக்கு அட்டவணை ஒழுங்காக இருப்பதுதான் குறி. உங்கள் கோப்பு பிழைக்குமா என்பது அதற்கு இரண்டாம்பட்சம். அதனால்தான் பிரதி எடுத்த பிறகே அதைத் தொட வேண்டும் என்கிறேன். கட்டளை எழுதப் பயமாக இருந்தால், டிஸ்க்கின் படத்தின் மேல் வலது சொடுக்கு, பண்புகள், கருவிகள் என்று போனாலும் சரிபார்க்கும் பொத்தான் இருக்கிறது.

முதலில் வெறும் சோதனை. பிழை இருக்கிறது என்றது. பிறகு எஃப் போட்டுத் திருத்தினோம். முடிந்ததும் அந்தக் கோப்புறை திறந்தது. பதினாலில் பன்னிரண்டு அதனதன் பெயரிலேயே இருந்தன. சொந்தக்காரன் தெரியாத துண்டுகளைச் செக்டிஸ்க் தனியாக ஒரு கோப்புறையில் எண் போட்டு வைத்திருந்தது. பேரன் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி, ஒலிக்கோப்பாகத் திறந்து திறந்து பார்த்தான். ராத்திரி பதினொரு மணிக்கு ஒன்றிலிருந்து, “மாங்காயைக் காம்போட பறிக்கணும், தெரியுதா…” என்று குரல் வந்தது.

அவனும் நானும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பதினாலாவது கிடைக்கவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் அது. முன்பே போயிருந்ததா, நான் இரண்டு தடவை மறுபடி போடச் சொன்னதில் போயிற்றா என்று இனி கண்டுபிடிக்க வழியில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல தாத்தா” என்றான். எனக்குத்தான் பரவாயில்லை என்று இல்லை.

கடைசியில் பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்தோம்! ஆமாம், கடைத் தம்பி சொன்ன அதே வைத்தியம்தான். எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு, என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்தோம். விளையாட்டை அதில் முழுதாக இறக்கினான். இறக்கிய கோப்புகளெல்லாம் சரியாக வந்திருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வசதி விளையாட்டு விற்கும் செயலிகளிலேயே உண்டு. கெட்டுப்போன துண்டுகளை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளும். விளையாட்டுக் கோப்பு போனால் கடையில் இன்னொரு பிரதி கிடைக்கும். நம் வீட்டுக் குரல் எந்தக் கடையில் கிடைக்கும்?

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. “பென் டிரைவில் இருபது ஜிபி காலியாக இருக்கிறது, ஆனாலும் கோப்பு பெரிது, இடமில்லை என்கிறதே?” இது பழுதே இல்லை. அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருக்கும். 1996-ல் விண்டோஸ் 95-இன் பின்னாள் பதிப்போடு வந்தது அது. ஒரு கோப்பின் நீளத்தை எழுத 32 கட்டம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் அடங்கும் பெரிய எண் 4,29,49,67,295. ஆகவே ஒரே கோப்பு அத்தனை பைட்டைத் தாண்டக் கூடாது. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அந்தக் காலத்தில் அது யாரும் தொட முடியாத உயரம். இன்று விளையாட்டில் ஒரு துண்டே அதைத் தாண்டும். உள்ளே இருப்பதை வேறு இடத்தில் பிரதி எடுத்துக்கொண்டு எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்-ஸுக்கு மாற்றினால் தீர்ந்தது.

‘டிஸ்க்கில் எழுத முடியவில்லை’ என்ற செய்திக்கெல்லாம் டிஸ்க்தான் காரணம் என்றும் எண்ண வேண்டாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் குறுக்கே நிற்கலாம். அந்தக் கோப்புறையில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம். சுருக்கிய கோப்பை விரிக்க இடம் போதாமல் இருக்கலாம்.

நடைத் தோழர் ஒருவர் மறுக்கிறார்: “நீங்க என்ன சொன்னாலும் கேம்ல வைரஸ் வருது சார்.” காசு கொடுக்காமல் திருட்டுத்தனமாக இறக்கினால் வரத்தான் செய்யும், அதில் அவர் கட்சிதான் நானும். அந்த வழியில் இறக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். ஆனால் நேர்வழியில் இறக்கியவன் தலையிலும் அதே பழியைப் போடுவது நியாயமில்லை. நம் வீட்டுக் கணினியில் எது கெட்டாலும் கடைசியாகத் தொட்டவன் சின்னவன் என்பதால் அவன்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதுகிறோம். வயரைப் பிடுங்கியவர்கள், யுபிஎஸ்ஸை மாற்றாதவர்கள், ஒரே பிரதி வைத்திருந்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து விசாரணை நடத்துகிறோம்.

நம் வயதுக்காரர்கள் வீட்டில் இருப்பவை சாதாரணக் கோப்புகள் இல்லை. போனவர்களின் படங்கள், குரல்கள், கல்யாண வீடியோக்கள். பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம், ஜெராக்ஸ் எடுத்து மகனிடம் ஒன்று கொடுக்கிறோம். அந்தக் கவனத்தில் பாதியை இவற்றுக்குக் காட்டினால் போதும். ஒன்று வீட்டில், ஒன்று பிள்ளை வீட்டில் என்று இரண்டு பிரதி. யாராவது “ஃபார்மேட் பண்ணிடலாம் சார்” என்றால், “முதல்ல உள்ளே இருக்கறதை எடுத்துக் குடுப்பா” என்று சொல்லுங்கள்.

பதின்மூன்று பதிவுகளும் இப்போது மகன் வீட்டில், மகள் வீட்டில், என் மேசையில் என்று மூன்று இடத்தில் இருக்கின்றன. நார்த்தங்காய் ஊறுகாய் எப்படிப் போடுவாள் என்று மகளிடம் கேட்டேன். இரண்டு தடவை கேட்டுச் செய்திருக்கிறாளாம், பாதிதான் ஞாபகம் இருக்கிறதாம். அந்தப் பாதியைப் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.